ரிட்டர்ன் வாடகை

ஏர்போர்ட் சவாரிக்குப் போகவர வாடகை.
திரும்பும்போது வண்டி காலி என்றாலும்
பேரணாம்பட்டுக்காரர்கள் அதில் பேரம் பேசுவதில்லை.

முதஸ்ஸிருக்கு விடிகாலை நாலே காலுக்கு விமானம், தம்மாம்.
ராத்திரி எட்டுக்கே தவேராவைக் கொண்டுவரச் சொன்னார்கள்.
தோல் மண்டித் தராசில் பெட்டியை ஏற்றி
மூன்று முறை நிறுத்தார்கள்.
முப்பத்திரண்டு. முப்பத்தொன்றரை. மறுபடி முப்பத்திரண்டு.
முப்பதுக்குத்தான் அனுமதி.
ஊறுகாய் போனது. செருப்பு ஒரு ஜோடி போனது.
கடைசியில் ஆற்காடு மக்கன்பேடா டப்பா
பெட்டியிலிருந்து இறங்கி
அவன் அம்மாவின் மடிக்கு வந்தது.
உப்புத்தோல் வாசனை மட்டும் உள்ளே ஏறிக்கொண்டது,
அதை யாரும் நிறுக்கவில்லை.

ஒருவன் பறக்க, ஏழு பேர் வழியனுப்ப.
குடியாத்தம் தாண்டி பெங்களூர் ரோடு ஏறியாச்சு.
அப்துல்லாபுரத்தில் இருட்டுக்குள் ஓடுதளம்.
"இங்கேருந்தே போலாமே?" என்றான் தம்பிப் பையன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஒரு நாய் கொஞ்ச தூரம் எங்களோடு ஓடிவந்து
வேலி முடியுமிடத்தில் நின்றுவிட்டது.

காவேரிப்பாக்கம் ஏரிக்காற்றில் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம்.
தாமலில் டீ. பாஸ்போர்ட் இருக்கிறதா என்று
வாப்பா கேட்டது அது ஐந்தாவது தடவை.

மீனம்பாக்கத்தில் வண்டி நிற்க மூன்று நிமிஷம்.
போலீஸ்காரர் விசில் வாயிலேயே இருந்தது.
ஏழு பேர் கட்டிப்பிடிக்க அது போதாது,
அம்மாவை இரண்டாம் தடவை கட்டிக்கொள்ளவும் அவன் வந்தான்.
அப்புறம் கண்ணாடிக்குள் ஒரு முதுகு,
அந்தத் தராசுப் பெட்டி, அவ்வளவுதான்.
அவர்களுக்குப் பெரியமேட்டில் சொந்தக்காரர் வீடு;
முதல் மெட்ரோவுக்குக் காத்திருக்கிறோம், நீ போப்பா என்றார்கள்.

பார்க்கிங்கில் படுத்திருந்தபோது டிராவல்ஸ்காரர் போன்:
"முனிரத்தினம், அங்கேயே இரு. ஜெத்தா விமானம், ஐந்தரைக்கு.
குடியாத்தத்துக்கு ஒருத்தர்."

ஹயாத் பாஷா. நாலு வருஷம் கழித்து.
கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில்
மார்க்கர் பேனாவால் தன் பெயரை
மூன்று எழுத்தில் மூன்று பக்கமும் எழுதியிருந்தார்,
தொலைந்தால் எந்த நாட்டுக்காரனாவது
திருப்பித் தரட்டும் என்பதுபோல.
முன்சீட்டுக்கு வரவில்லை. பின்னால் உட்கார்ந்து
ஸ்ரீபெரும்புதூர் வரை ஒன்றும் பேசவில்லை.
அப்புறம், "இந்த வருஷம் மழை உண்டா?"

பாலுசெட்டிச் சத்திரம் தாண்டியதும்
தகரம் திறக்கும் சத்தம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
முதஸ்ஸிரின் டப்பா. சீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.
அவர் ஒன்றை வாயில் போட்டுவிட்டிருந்தார்,
ஜீரா மணிக்கட்டு வரை வழிந்தது.
"எங்க வீட்ல குடுத்து வுட்டாங்களா?"

நான் கியர் மாற்றினேன். மாற்றத் தேவையே இல்லை.
"ஆமா பாய்."

இன்னொன்று சாப்பிட்டார்.
மிச்சத்தை எண்ணி, மூடியை அழுத்தி,
"பசங்களுக்கு" என்று மடியில் வைத்துக்கொண்டார்,
அந்த அம்மா வைத்திருந்த அதே மாதிரி.

சொல்லிவிடுகிறேன்:
ரெண்டு பேரிடமும் ரிட்டர்ன் வாங்கியிருக்கிறேன்.
காலியாகத் திரும்பாத வண்டிக்கு
காலி வாடகை என் சட்டைப்பையில்.

வாலாஜா டோல் வரிசையில் நிற்கையில் போன் அடித்தது.
முதஸ்ஸிர் அம்மா.
பின்சீட்டில் அவர் தூங்கிப்போயிருந்தார், கை டப்பாவின் மேல்.
அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஃபாஸ்டேக் ஒரு பீப் போட்டது,
கட்டை மேலே போனது,
பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.