கப்பலூர்

பெயர் வைக்கக் கூடாது,
இது பஞ்சவர்ணம் போட்ட சட்டம்.
பெயர் வைத்தால் தங்கிவிடும்.
அதனால் அகப்பட்ட இடத்தைச் சொல்லியே கூப்பிடுகிறோம்.
ஒத்தக்கடை. தெப்பக்குளம். காளவாசல்.
டவுன் பஸ் கண்டக்டர் வீட்டில்
இது ஒன்றும் பெரிய கற்பனை இல்லை.

இரவு பத்தே முக்காலுக்கு டிப்போவில்
கணக்கு முடித்து வீடு திரும்பினால்
சந்துமுனையில் நிஜாமுதீன் ஆட்டோ நிற்கும்.
பின்சீட்டில் கோணிச்சாக்கு.
சாக்குக்குள் மூச்சு.
"பதினஞ்சே நாள்ண்ணே, நல்ல வீடாப் பாத்துட்டு இருக்கோம்."
அவனுடைய பதினைந்து நாள்
எங்கள் காலண்டரில் இரண்டு தாள் கிழியும்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் ரெங்கராஜுலு
எட்டிப் பார்த்து எண்ணுவார்.
ஒரு நாய்தான். வாக்கு மாறவில்லை.
போன மாதம் கறுப்பு, இந்த மாதம் செவலை.
நிறத்தைப் பற்றி
ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

ஒத்தக்கடைக்கு உண்ணிக் காய்ச்சல்.
மாத்திரையைப் பாலோடு தரக் கூடாது என்றார் டாக்டர்.
இட்லிக்குள் புதைத்தோம்.
இட்லியை மட்டும் தின்றுவிட்டு
மாத்திரையைத் துடைத்துத் தரையில் வைத்தது.
ரத்தம் ஊறட்டும் என்று
நெல்பேட்டையில் சுவரொட்டி வாங்கிச் சுட்டுப்போட்டாள் பஞ்சவர்ணம்.
சம்பளத்துக்கு முந்தின வாரம்.
எனக்கு ரசம்.

காளவாசல் நாலாம் நாள் விடியலில் போனது.
முதல் ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டதால்
குழியை அவள்தான் வெட்டினாள்.
அன்று பைபாஸ் ரோட்டில் அந்த ஸ்டாப் வந்தபோது
என் தொண்டையிலிருந்து பெயர் எழும்பவில்லை.
இறங்க வேண்டியவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திட்டினார்:
"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"
டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
கேட்கவில்லை.

அப்புறம் கப்பலூர்.
டோல்கேட் பக்கம் லாரி அடித்த பின்னங்கால்,
உள்ளே தகடு, வெளியே பதினொரு தையல்.
இடது காது மடிந்தே இருக்கும், வலது காது
எங்கள் இருவருக்கும் சேர்த்து விழித்திருக்கும்.
ஏர்ஹாரன் கேட்டால் பீரோவுக்கடியில் ஒண்டும்.
ஆனால் என் தோல்பைக்குள் மூக்கை விட்டுத்தான் தூங்கும்,
சில்லறை வாசனையில் என்ன கண்டதோ.
ஒருநாள் பைக்குள்ளிருந்து
ஏழு ரூபாய் டிக்கெட் முப்பத்தெட்டைத் தின்றது.
இருநூற்று அறுபத்தாறு ரூபாய் கையிலிருந்து கட்டினேன்.
முப்பத்தெட்டுப் பேர்
எங்கும் போகாமல் அதன் வயிற்றில் இறங்கினார்கள்.

திருநகரிலிருந்து வந்தார்கள்,
அம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும், புதுப் பட்டையோடு.
பெயரும் முடிவுசெய்து வைத்திருந்தார்கள்: ஓரியோ.
பழுப்பு நாய்க்கு அது எப்படிப் பொருந்தும் என்று
நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
படுத்த சாக்கை மடித்துக் கொடுத்தாள் பஞ்சவர்ணம்,
"துவைச்சுராதீங்க, வாசம் பழகுற மட்டும்."
அன்று சாயங்காலம் வாசலை
பினாயில் ஊற்றி இரண்டு தடவை கழுவினாள்.

மாசியில் எனக்குத் திருமங்கலம் ரூட் போட்டார்கள்.
திருநகர் ஸ்டாப்புக்கு எதிரே பச்சை கேட்.
கம்பிக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது.
நான் வேண்டுமென்று செய்யவில்லை,
படிக்கட்டில் தொங்கியபடி தினமும் கத்துவதைத்தான் கத்தினேன்:
"கப்பலூர், கப்பலூர், திருமங்கலம்! கப்பலூர் ஏறு!"

வலது காது நிமிர்ந்தது.
அப்புறம் தலை.
ஜன்னல் ஜன்னலாக
பஸ்ஸின் எல்லா முகங்களையும் பார்த்தது,
படிக்கட்டை மட்டும் விட்டுவிட்டு.
உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வேறு பெயரில் கூப்பிட்டது.
எழுந்து போனது.

இன்னொரு தடவை கத்தினேன்.
ஸ்டாப்பில் ஏற யாருமே இல்லை.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
ரெண்டு விசில் கொடுத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை.
ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள்தான் சொன்னாள்,
"பின்னங்கால நல்லா ஊன்றான்."
யார் என்றேன்.
"போன வெள்ளி போயிருந்தேன்.
பொம்பளைகிட்ட டிக்கெட்டா கேக்கப் போறீக?"