நரம்பு மட்டும் பச்சை

என் கடை ரசீது அந்த வீட்டில் கிடைத்ததால்
என்னையும் கூட்டிப் போனார்கள்.
பெரும்பாக்கம். பதினோராவது மாடி.
லிஃப்டில் யாரும் பேசவில்லை.
எஸ்.ஐ. பொன்வேலின் சட்டையில்
மதியத்து ரசம் இன்னும் மணத்தது.

கூடத்தில் ஒரு பாய், ஒரு லேப்டாப்.
படுக்கையறையைச் செடிகளுக்குக் கொடுத்திருந்தான்.
ஜன்னலுக்கு வெள்ளித்தாள், உள்ளே ஊதா வெளிச்சம்,
மீன்தொட்டி மோட்டாரின் முணுமுணுப்பு.
வெள்ளைக் குழாய்களின் துளைகளில்
விரல் உயரத்துக்குப் பதினேழு நாற்றுகள்.
குழாய் நான் விற்றதுதான்.
கொத்தமல்லி போடப்போறேன் என்று
அம்பத்தூர் வரைக்கும் வந்து வாங்கினான்,
பேரமே பேசாமல்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
கொத்தமல்லிக்காரர்கள் பேரம் பேசுவார்கள்.

"இது என்ன செடி, சொல்லுங்க."
இன்ஸ்பெக்டர் தில்லைக்கரசிக்குத் தெரியாமல் இல்லை.
என் வாயிலிருந்து வரவேண்டும்.
எழுதிக்கொள்ள ஏட்டு பேனாவைத் திறந்துவிட்டார்.

குனிந்தேன்.
அந்த ஊதாவில் எல்லா இலையும் ஒரே கறுப்பு.
"இதை அணைச்சிட்டு டியூப் லைட் போடுங்க மேடம்."
போட்டார்கள்.

அடியிலை நல்ல பச்சை.
அப்படியானால் நைட்ரஜன் இல்லை.
நைட்ரஜன் போனால் மூத்த இலை முதலில் வெளுக்கும்,
தன்னிடம் இருப்பதை மேலே அனுப்பிவிட்டு உதிரும்.
இங்கே நேற்று விரிந்ததுதான் மஞ்சள்.
மஞ்சளுக்குள் நரம்பு மட்டும் பச்சை,
வெளுத்த பள்ளிச் சட்டையில்
போக மறுக்கும் மைக்கோடு மாதிரி.
புள்ளி இல்லை. பூச்சி இல்லை. ஓரம் கருகவில்லை.

"இரும்பு" என்றேன்.
"என்னது?"
"இரும்பு கிடைக்கலை மேடம், இதுக்கு."

ஏட்டின் பேனா நின்றது.
பொன்வேல் கொஞ்சம் சிரித்தார்,
மேடத்தின் முகத்தைப் பார்த்து
சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திறந்த வாய் அதன்பிறகு நிற்கவில்லை.
தொட்டி விளிம்பில் உப்பு பூத்திருந்தது.
பையில் எப்போதும் கிடக்கும் பி.ஹெச். தாளைக் கிழித்து நனைத்தேன்.
"சார், எதையும் தொடாதீங்க!"
நனைத்தாகிவிட்டது.
எட்டைத் தாண்டிய நீலப்பச்சை.

"லாரித் தண்ணியா?"

மூலையில் நின்றிருந்த பையன்
அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.
"ஆமா சார். போர் வத்திப் போச்சு.
இரும்பு போட்டேன் சார். ரெண்டு தடவை போட்டேன்."

போட்டிருப்பான். பழுப்பு வண்டலாய் அடியில் கிடக்கிறதே.
இந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கும்,
வேருக்கு எட்டாது.
"இலை போட்டு, சோறு வச்சு,
கையைப் பின்னால கட்டிட்ட மாதிரி" என்று
விளக்கிக்கொண்டே அவன் கைகளைப் பார்த்தேன்.
அப்புறம் நான் விளக்கவில்லை.

யுகேந்திரன், இருபத்துநாலு, இரவு ஷிப்ட்.
ஏட்டு அதையெல்லாம் எழுதி முடித்தார்.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.
வேர் மட்டும் குறை சொல்ல முடியாத வெள்ளை.
காகித உறை, அரக்கு, என் கையெழுத்து.
ஏழாவது உறைக்கு மேல்
என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நிறம்னு ஒரு காலம் இருக்கு. என்ன போடட்டும்?"
"செடிதானய்யா, பச்சைன்னு போடு" என்றார் பொன்வேல்.

"மஞ்சள்" என்றேன். "நரம்பு மட்டும் பச்சை."

விசிறி ஒன்று யாரும் அணைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.
"அவர் சொல்றபடியே மகஜர்ல எழுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இருவர்தான்.
ஐந்தாவது மாடி தாண்டியதும்
கதவைப் பார்த்தபடியே சொன்னார்:
"எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு செம்பருத்தி.
துளிர் மட்டும் இப்படித்தான் மஞ்சளா வருது."

"தண்ணி எது மேடம்?"

"லாரி."