விட்டது

பேரை வாவிக் கட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
இருபது அடியில் ஒரு கூழைக்கடா.
முப்பது வருஷ வேட்டையில்
இப்படியொரு கிட்டத்தூரம் வாய்த்ததேயில்லை.
வலது சுட்டுவிரல் தானாக வளைகிறது.
மடியில் கிடப்பது குடை.

துவக்கைக் கொட்டாஞ்சேனைப் பொலிசில் கொடுத்த துண்டு
பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாய் இருக்கிறது.
இரட்டைக்குழல் ஒன்று, தோள்வார் ஒன்று,
பெற்றுக்கொண்டேன்.
திருப்பித் தருவதாக எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள்.
மருதானைச் சரக்குக் கந்தோர் பூட்டுமுன்னமே
சல்தீனின் மொறிஸ் மைனர் வாசலில் உறுமும்.
பன்றி, முயல், தாரா எல்லாவற்றுக்கும்
என்னிடம் கணக்குண்டு.
நான் வீட்டில் இல்லாத சனிக்கிழமைகளின் கணக்கு
நேசமலரிடம் இருந்தது.
சொல்லாமலே போய்விட்டாள்.

இறைச்சிக்குள் பல்லில் இடறும் ஈயக்குண்டுகளைப்
பீங்கான் விளிம்பில் வரிசையாய் வைப்பாள்.
எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த கவளம்.
ஒருநாள் கேட்டாள்:
"இதில எந்தக் குண்டு அதைக் கொன்றது?"
"குழம்பு இன்னும் இருக்கா?" என்றேன் நான்.

மரைக் கதை வேறு.
கொம்பனித்தெருவில் அதை அறியாத ஆளில்லை.

ஐப்பசி. புத்தளத்துக்கு அப்பால் ஒரு குளம்.
பொழுது மங்குகிற நேரம்.
நெஞ்சளவு தண்ணீரில் நின்றது,
கொம்பில் ஒரு பாசிக்கொடி தொங்க.
சல்தீன் அக்கரையில், பாலை மரத்து மேலே.
விசையை இழுத்தேன்.
டிக்.
பல்லி சொன்னதுபோல.
மற்றக் குழலும் டிக்.
ஆற்றைக் கடந்தபோது தோட்டா நனைந்திருக்க வேண்டும்.
தவளைகளின் கூச்சலில்
அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
மரை தண்ணீர் குடித்தது,
என்னைப் பார்த்தது,
இன்னும் கொஞ்சம் குடித்தது,
அவசரமில்லாமல் கரையேறிப் போயிற்று.

சல்தீன் இறங்கி, குளத்தைச் சுற்றி ஓடிவந்து
என் தோளைப் பிடித்தான்.
கண் கலங்கியிருந்தது.
"விட்டுட்டியே மச்சான்.
நீ மனுசன்டா."
"ம்" என்றேன்.

அந்த "ம்"மில்
ஐம்பது வருஷம் குடியிருந்திருக்கிறேன்.
தேத்தண்ணிக் கடையில், கலியாண வீட்டில்,
என் பிள்ளையின் ஞானஸ்நானத்தில்கூட
அவன் சொன்னான், ஆட்கள் தலையசைத்தார்கள்.
அதன்பிறகு அவன் மரைக்கு வெடிவைக்கவேயில்லை.
முன்னால் வந்து நின்ற இரண்டைப் போகவிட்டான்,
"உன்னைப் பார்த்துத்தான்" என்றான்.
நான் படித்தது
தோட்டாவை மெழுகுத்துணியில் சுற்றி வைக்க.
தை மாதம் அவனுக்குத் தெரியாமல் போய்
ஒன்றை விழுத்தினேன்.
இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பெரியாஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவில்,
அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.
அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.
வாயும் திறந்தேன்.
தாதி வந்து, நேரம் முடிந்தது என்றாள்.
அதுதான் காரணம் என்று
கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
உண்மையில் மணி அடிக்கவில்லை.
தாதி அடுத்த கட்டிலுக்கு வந்தவள்.

மையத்து வீட்டில் அவன் மகன் நிஸ்தார்
என் இரண்டு கையையும் பிடித்தான்.
"அங்கிள், பாபா கடைசிவரைக்கும்
அந்த மரையைத்தான் கதைச்சார்."
"ஓம் தம்பி," என்றேன்,
"பெரிய மரை."

கூழைக்கடா கழுத்தை உள்ளிழுத்துக்கொள்கிறது.
ஆளில்லாத நேரம் பார்த்துக்
குடையைத் தோளில் பொருத்தி
இடது கண்ணை மூடுகிறேன்.
முதல் தூறல்.
பின்னால் கடலைக்காரனின் குரல்:
"ஐயா, குடை விரியாதா?"
"விரியும்," என்கிறேன்.
பிறகு, ஏனோ,
"தோட்டாதான் நனைஞ்சுபோச்சு. ரெண்டும்."
அவன் என்னை ஒருமுறை பார்க்கிறான்.
கடலைச் சுருளை நீட்டுகிறான்.
நூறு ரூபா.