லூசியாளின் தட்டு

கண்களை வாங்கி வந்தவன் நான்தான்.
சிராகுசா துறைமுகத்தில், விடியுமுன்,
மீன்காரன் பாஸ்குவாலேயிடம்
ஒரு செப்புக்காசுக்கு.
"தலை வேண்டாம், கண் மட்டுமா?"
சிரித்துக்கொண்டே
சூரைத்தலையிலிருந்து கத்திநுனியால் நெம்பி
ஈரச்சாக்கில் மடித்துத் தந்தான்.

ஓவியருக்குப் பிடிக்கவில்லை.
மீனுக்கு இமை கிடையாது, அது எதற்கும் அஞ்சாது என்றார்.
மறுநாள் ஆட்டுக்கண்.
அதன் பாவை படுக்கைவாட்டில் கிடந்தது,
உண்டியல் வாய்போல.
அதையும் பூனைக்குப் போட்டோம்.
கடைசியில் வெனேராவின் கண்களையே பார்த்து
முகத்தில் இரண்டு, தட்டில் இரண்டு,
நான்காக வரைந்தார்.

வெனேரா துணி வெளுப்பவள்.
சாம்பல்நீரில் வெந்து வெடித்த விரல்கள்.
கன்னிகைக்கு ஆகாது என்று
கைகளை மட்டும்
ஓவியரின் கொழுந்தியாளிடம் கடன் வாங்கினோம்.

மூன்று வாரம் பித்தளைத்தட்டை ஏந்தி நின்றாள்.
நாளுக்கு ஒரு ரொட்டி, ஒரு பிடி ஆலிவ்.
தோள் நடுங்கினால்
"வேதசாட்சி நடுங்கமாட்டாள்" என்பார் அவர்.
"அவளுக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டதே" என்பாள் இவள்.
கழுத்துக் காயத்துக்குப் பூச்சியை நசுக்கிச்
சிவப்பு எடுத்துக்கொண்டிருந்த நான்
சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்து
ஓர் அறை வாங்கினேன்.

டிசம்பர் பதின்மூன்று.
ஊரில் யாரும் ரொட்டி தின்னாத நாள்,
வேகவைத்த கோதுமைதான்.
படம் பீடத்தில் ஏறியது.
மாலுமிகள் வந்தார்கள், வலைபின்னுகிறவர்கள்,
கண்வலிக் குழந்தையோடு ஒரு நீதிபதியின் மனைவி.
சட்டத்தைச் சுற்றி
வெள்ளியில் தட்டிய கண்கள், ஜோடி ஜோடியாய்.
வெனேரா பின்வரிசையில், முக்காட்டுக்குள்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
முழந்தாளிட்டவர்கள் எல்லாரும்
அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஓவியம் வரவில்லை.
அதே கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறேன்,
முப்பத்தோரு வருஷமாய்.

போன திருநாளுக்கு அவள் வந்தாள்.
இரு கண்ணிலும் பூ விழுந்து
சுவரைத் தடவிக்கொண்டு.
என் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள்.
"எப்படி இருக்கிறாள்?"
"புகை படிந்திருக்கிறது. மற்றபடி இருபது வயசு."
"தட்டில் இருப்பது என்னுடையதுதானே?"
"உன்னுடையதுதான்."
"அப்படியென்றால் வேண்டுதல் எதற்கு,
கொடுத்ததைக் கேட்கத்தானே போகிறேன்."

பீடம்வரை கூட்டிப்போனேன்.
என்ன கேட்டாள் என்று தெரியாது,
உதடு அசைந்தது, வெகுநேரம்.
பிறகு கையை நீட்டி, காற்றில் துழாவி
தட்டு இருக்கும் இடத்தைத் தேடினாள்.
"தொடாதே, கிழவி!" கோயில்குட்டி கத்தினான்.

வெளியே வந்ததும்
யாரோ கோதுமைக் கிண்ணத்தைத் தந்தார்கள்.
சூடாக இருந்தது.
இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கினாள்,
படத்தில் இல்லாத
அந்தக் கைகளால்.