அரை மாத்திரை

க்ரோனிங்கனில் மழை கிடையாகப் பெய்யும்.
நனைந்த சைக்கிளைப் பூட்டிவிட்டு
மூன்றாம் மாடி ஏறி வந்தாள்
யெல்ட்யே ஹூக்ஸ்த்ரா.
வாடகை வீடு ஒதுக்கும் அலுவலகத்தில்
பத்தொன்பது வருடம்.

முதலில் தாள்.
எல்லாரையும் ஒன்றுபோல் மதிக்கிறேன்:
ஒன்றிலிருந்து ஏழுவரை கட்டங்கள்.
ஏழைச் சுழித்தாள்,
பேனா தாளைக் கிழிக்குமளவுக்கு.
பொய்யில்லை.
நெஞ்சறியச் சொன்னதுதான்.

அப்புறம் திரை.
இனிய சொல்லுக்கு இடக்கை, கசந்ததற்கு வலக்கை.
ஹென்ட்ரிக், வாவுட்டர் இடப்பக்கம்.
யூனுஸ், ஃபாத்திஹா வலப்பக்கம்.
தொழுவம் தெரிந்த மாடுகளாய்
ஓடின விரல்கள்.

ரைனவுட் பக்கங்களை மாற்றினான்.
இப்போது யூனுஸுக்கும் தேனுக்கும்
ஒரே விசை.

விரல் நின்றது.
நின்றது என்பதே பெரிய சொல்.
நம் கணக்கில் சொன்னால் அரை மாத்திரை:
'பாக்கு' என்கையில் கடைசி உகரம்
உதடு குவியாமலே கரைகிறதே,
அவ்வளவு.

எண்ணைப் பார்த்தாள்.
"இது நானில்லை" என்றாள்.
விளக்கம் சொல்ல
ரைனவுட்டுக்கு அனுமதியில்லை.
தேநீர் வேண்டுமா என்று கேட்டான்.

திங்கட்கிழமை மேசையில் ஒரு விண்ணப்பம்.
ஃபாத்திஹா எல் அம்ரானி.
இரண்டு பிள்ளைகள், ஈரச் சுவர், ஓயாத இருமல்.
எடுக்கப் போன தன் கையை
யெல்ட்யே திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
கை தயங்கியது.
தயங்கியதா,
பார்த்ததால் தயங்கியதா?

வியாழனன்று யாரும் அழைக்காமலே
மறுபடி மூன்றாம் மாடி.
இம்முறை எண் பாதியாகியிருந்தது.
"திருந்திவிட்டேனா?"
"விரல் பழகியிருக்கலாம்.
போன தடவை உங்களுக்குக் குளிரியிருக்கலாம்.
உண்மையில்
எங்களுக்கே சரியாகத் தெரியாது."
"அப்படியானால் இரண்டில் எதை
நான் வீட்டுக்கு எடுத்துப்போவது?"

ரைனவுட் சன்னலைச் சாத்தினான்.
அவனுடைய எண்
'பழைய ரசீதுகள்' என்று பெயரிட்ட கோப்புக்குள்
நான்கு வருடமாகக் கிடக்கிறது.
காதலிக்குக்கூடக் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை
ஃபாத்திஹாவின் விண்ணப்பத்தை
யெல்ட்யே இரண்டு முறை படித்தாள்.
பிறகு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதே,
அடுத்திருந்த ஹென்ட்ரிக் ஒருவனுடையதையும்
இரண்டு முறை.
பிறகு அதற்கடுத்ததை.

வழக்கமாக ஐந்துக்குப் பூட்டுகிற அலுவலகம்.
அன்று
ஏழாகிவிட்டது.