ஏழாவது கம்பி

தருமபுரத்தில், முல்லைத்தீவு வீதியோரம்,
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திச்
சில்லின் கம்பிகளைத் தட்டித் தட்டி எண்ணுகிறார் மருதை:
யேக், துய், திரின், ஷ்டார்,
பாஞ்ச், ஷோவ்,
எஃப்தா.
ஏழாவது தளர்ந்து கிடக்கிறது.

வன்னி முழுக்கத் தேடினாலும்
ரோமானி தெரிந்த வேறொரு வாய் எனக்குக் கிடைக்காது.
இவருக்குத் தெரிந்ததும் நாற்பத்தொரு சொல்.
ஜெர்மனியில், அகதிமுகாமில்,
பதினாலு மாதம் மேல்கட்டிலில் படுத்த
கொசோவோப் பெடியன் பெக்கிம்
விட்டுப்போனவை.
இரண்டு பேரையும் ஒரே கிழமையில் திருப்பி அனுப்பினார்களாம்,
வேறு வேறு விமானத்தில்.

ஒலிப்பதிவுக் கருவியை ஒயில் ரின்னில் சாய்த்துவைத்தேன்.
ஆறு மட்டும் இந்தியாவிலிருந்து கொண்டுபோன எண்கள், அண்ணை.
ஏழும் எட்டும் ஒன்பதும் கிரேக்கம்.
வழியில் வாங்கினது.
"ஏன், கொண்டுபோன ஏழு எங்க தொலைஞ்சிச்சு?"
புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.
"ஆறு பேராப் போயிருப்பாங்க" என்றார்,
வேறொரு சைக்கிளின் ரியூப்பைத்
தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கியபடி.
"ஏழாவது ஆளை வழியிலதானே சேத்திருப்பாங்க."

இந்தத் தண்ணிக்கு?
"பானி."
அழுத்தம் ஈற்றில் விழுந்தது.
ஆட்டுக்கு?
"பக்ரோ." அதுவும் ஈற்றில்.
பட்டணத்துக்கு?
"ஃபோரோ."
முன்னால் விழுந்தது.

படிப்பித்துப் பழகிய வாய், சும்மா இருக்குமா?
கூடப்பிறந்த சொல்லுக்கு ஒரு ஒட்டு,
பிறகு வந்த சொல்லுக்கு வேறொரு ஒட்டு;
வந்து எழுநூறு வருசமானாலும்
மொழி மறக்கிறதில்லை, அண்ணை,
வேற்றுமையில் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன்.

குமிழி வந்த இடத்தைத் துடைத்து
ஒட்டுக்குப் பசை பூசி
ஊதிக்கொண்டிருந்தார்.
காய வேண்டும்.
"நாங்க எழுபத்தேழுல வந்தம்.
நான் கைக்குழந்தை."

அவ்வளவுதான் சொன்னார்.

காற்றடிக்க ஒருவர் வந்தார். "வாங்கோ, இருங்கோ."
பின்பக்கம் திரும்பித் தாயிடம்,
"தேத்தண்ணி போட்டீங்களா?"
இரண்டும் கருவியில் பதிவாகியிருக்கிறது,
நடுவில் மூச்செடுத்த சத்தம்கூட இல்லாமல்.

எங்கள் வீட்டில் இவருடைய ஆட்களுக்கு ஒரு சொல் இருந்தது.
சின்னதில் நானும் சொல்லியிருக்கிறேன்.
செட்டிகுளத்தில்
ஒரே தறப்பாளுக்குக் கீழே எல்லோரும் புழுங்கிக் கிடந்த வருசம்
அம்மா அதைச் சொன்னா,
குரலை மட்டும் தணித்து.

படிவத்தில் ஒரு கட்டம்:
பேச்சாளரின் வட்டார வழக்கு.
பேனை அதன்மேல் நின்றது.
வீதியில் பரந்தன் பஸ் போனது; என்னுடையதுதான்.
கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

"தங்கச்சி, பெக்கிம் உசிரோட இருக்கானா எண்டு
உங்கட புத்தகத்தில இருக்குமா?"
இராது, அண்ணை.
அதில் சொற்கள் போன வழி மட்டும்தான்.

தலையாட்டினார்.
சாவியைத் துடைத்து
ஏழாவது கம்பியை முறுக்கினார்,
விரலால் சுண்டிப் பார்த்தார்,
அடுத்ததற்குப் போனார்.

"ஓக்தோ."