பாட்டை விட்டால் அவுட்

செக்கானூரணி விலக்கிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர்.
அறுத்த வயலை உழுது மரத்தூள் கொட்டிய களம்.
இரண்டு மைக் கட்டியிருக்கிறேன்.
ஒன்று, கமெண்ட்ரி சொல்லும் பரமசாமி வாத்தியாருக்கு.
மற்றது, இடைவேளைக்குப் பாட வந்திருக்கும் ஒச்சம்மாளுக்கு.
போஸ்டரில் அவள் படம்
கோப்பைக்குக் கீழே, கிடாய்க்கு மேலே.

அட்வான்ஸ் ஆயிரம், மிச்சம் பைனல் முடிந்து.
கமிட்டிக்காரர் காதோடு வந்து,
'நம்ம ஆளுகளப் பத்தி ஒண்ண எடுத்து விடுத்தா' என்கிறார்.
'மிச்சத்த எடுத்து விடுங்க, பாத்துக்கிருவோம்' என்கிறாள்
பாக்கை ஒதுக்கிக்கொண்டு.

எங்கள் பக்கம் கபடியில் யாரும் ரைடு போவதில்லை.
பாடிப் போவதுதான்.
'யார்ரா பாடப் போறது?'
'சோணையப் பாடவிடு.'
கோட்டைத் தாண்டியபின் பாட்டு நிற்கக் கூடாது,
மூச்சு விட்டால் செத்தான்.
செத்தவன் ஓரமாய் உட்கார வேண்டும்,
கூட்டாளி ஒருத்தன் பாடிப் போய்
எவனையாவது தொட்டு வரும்வரை.
தொட்டால் இவனுக்கு உயிர்.
காலங்காலமாய்க் காதில் விழுகிற பேச்சு.
அன்றைக்குத்தான் ஒச்சம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளை விசில்.
செத்தவர்கள் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை.
தவில்காரன் ஒரு தட்டுத் தட்டி நிறுத்த,
அவர்கள் முன்னால் போய் முந்தியை விரித்து
மாரடித்தாள்.

'முட்டிக்கு முட்டி பட்டை கட்டி – என் மகனே
மூணு பரோட்டா தின்னு வந்தே,
தொட்டான் ஒருத்தன் தொடையத்தான் – அதுக்குள்ள
தூக்கிப் போட்டாகளே ஓரமா...'

சவுக்குக் கேலரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.
டிராக்டர் டிரெய்லரில் நின்ற பெண்கள்
ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்தார்கள்.
செத்தவர்களில் இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள்.
சோணை சிரிக்கவில்லை.

வாலாந்தூர்க்காரர்கள் ஆறு பேரோடுதான் இறங்கியிருந்தார்கள்.
ஏனென்று வாத்தியாருக்கும் தெரியவில்லை,
'துணிச்சலான முடிவு' என்று மைக்கில் சொல்லிவைத்தார்.
தண்ணி கேன்மேல் ஏழாம் நம்பர் டீ-சர்ட் போர்த்தியிருந்தது,
மடிப்புக் கலையாமல்.

தண்ணி கொடுக்கிற பையன் ஒரு அட்டைத் துண்டு கொண்டுவந்தான்.
முட்டிப் பட்டை வாங்கிய டப்பாவின் மூடி.
'தவசிலிங்கம். ஏழாம் நம்பர். கணவாய்ல, பைக்கு.
பாடுவீங்களாத்தா?'
படித்தாள். சுருக்குப் பையில் போட்டாள்.
மழைப் பாட்டு ஒன்று நாலு வரி பாடி
மைக்கை என்னிடம் நீட்டிவிட்டாள்.

மிச்சப் பணத்துக்குப் பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
கோபத்தில் எக்கோவைக் கூட்டிக் குறைத்து
வாத்தியாரைத் திக்க வைத்தேன்.

மூன்று பாயிண்டில் தோற்றார்கள்.
கிடாய் வேறு ஊருக்குப் போனது,
போகும்போது மாலையைத் தின்றுகொண்டே போனது.

மூன்று மணி இருக்கும்.
பாக்ஸை டெம்போவில் ஏற்றி, வயரைச் சுருட்டிவிட்டேன்.
ஒச்சம்மாள் கமிட்டியிடம் நின்று
நோட்டை இரண்டு தரம் எண்ணினாள்,
கிழிந்த நூறு ஒன்றை மாற்றி வாங்கினாள்.
அப்புறம் வரப்பேறி அந்த ஆறு பேரிடம் போனாள்.

'அங்கன வச்சுப் பாடியிருந்தா அதையும் சிரிச்சிருப்பாங்ய' என்றாள்.
'அவன் ஆளு எப்படி? சொல்லுங்க.'
சொன்னார்கள். இடது கால்தான் முதலில் வைப்பான்.
பரோட்டா ஆகாது.
ஊர்ப்பட்ட கடன்.

மைக் இல்லை. தவில்காரன் தூங்கிவிட்டான்.
கணவாயில் தொடங்கினாள்.
வளைவு ஒன்று, வளைவு ரெண்டு,
எதிரே வந்த வெளிச்சம்.
கையில் பிடித்த பாக்ஸை
நான் இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

அம்பயர் பார்ப்பதுபோல
சோணை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பேரைச் சொல்லி இழுத்தாள் பாருங்கள்,
அந்தப் பக்கம் வைக்கோல் லாரி இரண்டு கடந்து போச்சு.

'விடல' என்றான் பக்கத்திலிருந்தவனிடம்.
'இன்னும் விடல.'